மூன்றாம் கணினியின் பிடி

மதியச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொள்வது என் வழக்கம், ஐயா. ரொட்டிக்குள் டூனா மீன், கொஞ்சம் ஹரீஸா மிளகாய் விழுது, அவ்வளவுதான். மற்றவர்கள் வெளியே போய் வரும் அந்த ஒரு மணி நேரம் ஆய்வகம் அமைதியாக இருக்கும்.

ஸஃபாக்ஸ் கரையில் ஒதுங்கும் உடல்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் தாண்டிப் பிழைக்கப் படகேறிப் போனவர்கள். பெயர் தெரியாமல் எண் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். அவர்களுடைய எலும்பையும், தேடி வரும் தாய்மாரின் எச்சிலையும் ஒப்பிட்டுப் பெயர் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. ஒப்பிடுகிறவள் ஸுந்துஸ். கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் இந்த ஹாஷ்மி. பத்தொன்பது வருடமாக.

மூன்று கணினிகள், மூன்றுக்கும் பொதுவாக ஒரே சேமிப்பு வட்டு. அதில் பிழை வந்தால் பழுது பார்க்க ஒரு கட்டளை உண்டு. அதற்கு முன் மூன்றும் வட்டைப் பிடியிலிருந்து விட்டாக வேண்டும். ஒன்று பிடித்திருக்கும்போதே பழுது பார்த்தால், இது திருத்த அது எழுத, உள்ளே இருப்பதெல்லாம் குப்பையாகிவிடும். இன்னொரு கணினி பிடித்திருக்கிறதா என்று அந்தக் கட்டளைக்குத் தெரியாது. மனிதர்தான் சொல்ல வேண்டும். எங்கள் இடத்தில் அதை யாரும் எழுதி வைப்பதில்லை. தொலைபேசியில் "விட்டாச்சு" என்பார்கள், அந்த ஒரு சொல்தான்.

ஸுந்துஸ் கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் உள்ளே போனால் மடிக்கணினியை மூடுவாள். இயக்குநர் அறையில் என் பெயர் அடிபட்டது. நான் கதவருகே போனதும் பேச்சு நின்றது. "இந்த வயசுல தனியா எதுக்கு சித்தப்பா இவ்ளோ அலைச்சல்?" என்று ஒருநாள் பொடி வைத்துப் பேசினாள். என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாள் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஷாதுலியா என்றொரு தாய். வியாழன்தோறும் வந்து எங்கள் நடைபாதையில் உட்காருவாள். "என் புள்ள பேரைக் கல்லுல போட்டாப் போதும் தம்பி, வேற ஒண்ணும் கேக்கல" என்பாள். அவள் எச்சிலை எலும்புகளோடு ஒப்பிடும் கணக்கு மூன்றாம் கணினியில் ஒன்பது நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வட்டில் பிழை காட்டியது. எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும்படி கட்டளையை ஓட்டினேன். ஏழெட்டுச் சின்னப் பிழைகள். ஒரு வாரம் தாங்கும்.

பன்னிரண்டு பத்துக்கு ஸுந்துஸ் அழைத்தாள். "சித்தப்பா, ஷாதுலியாம்மா கணக்கு இன்னும் அரை மணியில முடிஞ்சிரும். சாப்ட்டு வந்து பாக்குறேன். அதுவரைக்கும் வட்டைத் தொட்டுராதீங்க, அல்லாவுக்காக."

"சரிம்மா" என்றேன்.

ஒரு மணிக்கு என் பொறுப்பிலிருந்த இரண்டு கணினிகளையும் வட்டிலிருந்து விடுவித்தேன். மூன்றாவது, ஸுந்துஸுடையது, பிடித்தபடியே இருந்தது. கட்டளையைத் தட்டினேன். அது கேள்வி கேட்கும், இதை நீக்கவா, அதைத் திருத்தவா என்று. எல்லாவற்றுக்கும் ஆம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி உண்டு. நான் அதைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் நானே ஆம் என்று அழுத்தினேன். பொறுப்பில்லாமல் செய்ததாக நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

ஷாதுலியாவின் கணக்கோடு, அந்த வருடம் சோதித்த முந்நூறு புதைகுழிகளின் விவரமும் போய்விட்டது. எலும்புத் தூள் சோதனையிலேயே தீர்ந்துவிடும், மறுபடி தோண்ட நீதிமன்றம் விடாது. மாற்றுப் பிரதி எடுப்பதும் என் வேலைதான். அந்த வருடம் எடுக்கவில்லை.

"அவதான் விட்டாச்சுன்னு சொன்னா" என்று இயக்குநரிடம் சொன்னேன். அவள் அழைத்ததற்குப் பதிவு இருந்தது, பேசியதற்கு இல்லை. ஸுந்துஸ் என் எதிரே வந்து நின்றாள். "நான் அப்டிச் சொன்னேனா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க சித்தப்பா." பார்த்துத்தான் சொன்னேன். அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அவள் மேசையைக் காலி செய்தபோது ஒரு விண்ணப்பம் கிடைத்தது. எனக்கு ஓர் உதவியாள் வேண்டுமென்று இயக்குநருக்கு எழுதியிருந்தாள். என் உடம்புக்கு முடியவில்லையாம். நான் ஏமாறவில்லை. உதவிக்கு என்று வருகிறவன்தானே நாளைக்கு என் நாற்காலியில் உட்காருவான்?

ஷாதுலியா இன்னும் வருகிறாள். அவளுக்குக் காபி வாங்கித் தருவது நான்தான். "உன்ன மாதிரி ஒரு நல்லவன் உண்டா தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

பொது வட்டு என்பதால் மூன்றாம் கணினி எழுதியதை என் திரையிலும் படிக்கலாம். அன்று அழிப்பதற்கு முன் படித்தேன். கணக்கு முடிந்திருந்தது. அவள் மகன் இருநூற்றுப் பதினான்காம் குழியில் இருக்கிறான். பதினான்கு மாதமாக எனக்குத் தெரியும். சொல்லியிருப்பேன், ஐயா. ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பாளே. என்மேல் அவ்வளவு மதிப்பு வைத்திருக்கிற ஒரு தாயின் மனதை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.