விசில் ஊதும் அம்மா

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போகும் பஸ். கனகராயன்குளம் தாண்டியதும், முன் இருக்கையில் இருந்த இளம் பெண் பக்கத்தில் இருந்த மூத்தவரிடம் சொன்னார்:

"நான் இப்ப பிள்ளையளைக் கத்திக் கூப்பிடுறேல்லை அக்கா. விசில் ஊதுறன்."

அதற்குப் பிறகு என் காது அங்கேயே நின்றுவிட்டது.

"விசிலோ?"

"ஓம். பள்ளிக்கூடத்துச் சாரணர் பாசறைக்குச் சமைக்கப் போனனான். வீட்டில தீத்தினாத்தான் சாப்பிடுற என்ர கடைசி, அங்க விசில் ஊதினதும் தானே போட்டுச் சாப்பிட்டுச் சோத்துக் கோப்பையும் கழுவி வைக்குது. அதைப் பாத்துத்தான் லீவுக்கு வீட்டையும் பாசறையாக்கினனான்."

"ரியூசன்?"

"ரெண்டு கிழமைக்கு இல்லை. வீட்டு முத்தத்தில அடுப்பு மூட்டி அவையே ரொட்டி சுடுவினம். கருகினாலும் நான் வாய் திறக்கிறேல்லை."

"வீடு குப்பையாக் கிடக்குமே."

"கிடக்கும். பின்னேரம் விசில் ஊத அவையே கூட்டுவினம்."

"உம்மட மனுசன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"முதல்நாள் சிரிச்சவர். இப்ப அவரும் கோப்பையோட வரிசையில நிக்கிறார்."

இளம் பெண் மூத்தவர் பக்கம் சாய்ந்தார்.

"நேற்று, பத்து வருசத்தில முதல்தரம், தேத்தண்ணியைச் சூடாக் குடிச்சு முடிச்சனான் அக்கா."

மாங்குளத்தில் இறங்க எழுந்த மூத்தவர், இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி திரும்பிக் கேட்டார்:

"அந்த விசில் எந்தக் கடையில வாங்கினனீர்?"