ஷிப்டு மாறுற நேரம்

— நாற்காலி காலியாத்தானே இருக்கு தம்பி, ஏன் செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிற? உள்ள போ. உங்கண்ணன் முழிச்சுத்தான் இருக்காரு.

— வேணாம் அண்ணி. என்னைப் பாத்தா அவருக்கு பிரஷர் ஏறிடும்.

— அது ஏற்கெனவே ஏறித்தான் கெடக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல திரும்ப ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. மயக்க மருந்தை அவர் இதயம் தாங்குமான்னு டாக்டரே இழுக்கிறாரு. இப்பப் பேசாம எப்பப் பேசப் போற?

— எந்தக் கை அண்ணி?

— வலது கை. ரெண்டு விரல் போனது போனதுதானாம். மிச்சக் கையைக் காப்பாத்தத்தான் இந்த ஆபரேஷன்.

— வலது கையா...

— ஏன், அதுக்கென்ன?

— அந்தக் கையாலதான் அண்ணி என்னை அறைஞ்சாரு. ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகையைக் கோணலா வெட்டிட்டேன்னு, பிரஸ்ல அத்தனை பேர் முன்னாடி. அந்தக் கை வெளங்காமப் போகணும்னு அன்னைக்கு வயிறெரிஞ்சு சொன்னேன்.

— நல்லா இருக்கே கதை! சொன்னதெல்லாம் பலிக்கும்னா, ஆறு வருஷமா நான் புலம்பின புலம்பலுக்கு நீங்க ரெண்டு பேரும் எப்பவோ ஒண்ணு சேந்திருக்கணும்.

— சிரிக்காதீங்க அண்ணி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா என்னைத் துரத்திடுவீங்க.

— மொதல்ல சொல்லு. துரத்துறதா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்.

— அண்ணன் கை மாட்டுன அந்த கட்டிங் மெஷின்ல கோளாறுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.

— என்னப்பா சொல்ற?

— ரெண்டு பட்டனையும் சேத்து அழுத்துனாத்தான் கத்தி இறங்கணும். நேத்து என் பகல் ஷிப்டுல, மேல ஏறி நின்ன கத்தி தானா இன்னொரு தடவை விழுந்துச்சு. கையை வெளிய எடுத்திருந்தேன், தப்பிச்சேன்.

— தெரிஞ்சும் அவர்கிட்ட சொல்லலையா?

— எப்பவும் சூப்பர்வைசர்கிட்ட சொல்லுவேன், அவர் அண்ணன்கிட்ட சொல்லுவாரு. எண்ணெய் போட்டாச்சு, கத்தி மாத்தியாச்சுன்னு எல்லாமே அவர் வழியாத்தான். ரெண்டு நாளா அவரு லீவு.

— அதனால?

— சாயங்காலம் ஷிப்டு மாறுறப்ப அண்ணன் எதிர்ல வந்தாரு. அவர் தோள் என் மேல உரசுச்சு. 'கத்தி ரெண்டு தடவை விழுது, பாத்துக்கோ'ன்னா போதும். வாய் வரைக்கும் வந்துச்சு அண்ணி. மொதல்ல பேசுறவன் நானாத்தான் இருக்கணுமான்னு ஒரு வீம்பு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன்.

— அடப்பாவி! ஒரு வார்த்தைடா... ஒரே ஒரு வார்த்தை! உனக்குத் தட்டுல சோறு போட்டு வெச்சிட்டுத்தான் அவருக்கே போடுவேன், அந்த வீட்டுல வளந்தவன் நீ.

— அடிச்சிடுங்க அண்ணி. ராத்திரி போன் வந்ததுலேருந்து என்னாலயே என்னைத் தாங்க முடியல.

— அடிச்சா விரல் மொளைச்சிடுமா? மூஞ்சியைத் தொடை. எங்கிட்ட சொன்னதை அப்படியே அவர்கிட்டப் போய்ச் சொல்லு.

— அவரு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா?

— நீ கட்டிலைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போய் நில்லு. உங்க ரெண்டு பேர் வீம்புக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிச்சது போதும். வா... ஏங்க, யாரு வந்திருக்கான்னு பாருங்க.

— அண்ணே...

— வாடா. கிட்ட வா.

— என்னாலதான்ணே. அந்தக் கத்தி...

— கதவு தொறந்துதான் இருந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு.

— என்னை மன்னிச்சிடுங்கண்ணே. மன்னிக்க முடியலைன்னா திட்டவாச்சும் திட்டுங்க.

— நீ பாட்டுக்கு ஒண்ணும் சொல்லாமப் போனியா, சரி, பகல்லயே நீ ஆளைக் கூப்பிட்டு சரி பண்ணியிருப்பன்னு நெனச்சுட்டேன்டா.

— நான் சரி பண்ணியிருப்பேனா? கோளாறுன்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?

— முந்தாநாள் ராத்திரியே என் ஷிப்டுல அது ரெண்டு தடவை விழுந்துச்சு. நேத்து காலையில நீ பிரஸ் கேட்டுக்குள்ள நுழைஞ்சப்ப, உங்கிட்ட சொல்லாமத்தான்டா நானும் வீட்டுக்குப் போனேன்.