வீரையன் களத்து வெயில்

ஊர்ச் சண்டையை ஒற்றைப் பார்வையில் ஓயவைக்கும் ஊராட்சித் தலைவர் தங்கம்மாள் அவர்களே! வரப்பு வெட்டி வயல் வளர்த்த பெரியோர்களே! வெள்ளைச் சேலையை வாய்க்காலில் நனைத்து, சிவப்பாய்ப் பிழிந்தெடுத்து வயிறெரியும் தாய்மார்களே! வணக்கம். வலங்கைமானில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் மிக்கேல்ராஜ் பேசுகிறேன்.

சாயப்பட்டறைக் கழிவு கலந்து நம் வாய்க்கால் என்னவானது? சிவப்பு! அதில் இறங்கிய பிள்ளைகளின் கால் என்னவானது? புண்! வழக்கு நடக்கிறது, நடக்கட்டும். தீர்ப்பு வரும்வரை துணி துவைக்காமல் இருக்க முடியுமா?

காலனித் தெருவில் பிறந்து கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் அம்சவல்லி ஒரு வழி கொண்டுவந்தார். நான் விற்கும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொடி உண்டு. அதற்குப் பங்காளி அம்சவல்லி கொண்டுவந்த பொடி. கண்ணாடித் தொட்டியில் அதைப் பூசி, வாய்க்கால் தண்ணீரை நிரப்பிவிட்டால், வெயில் பட்டதும் விழித்துக்கொண்டு சாயத்தை உடைத்துப்போடும். என்ன கேட்கிறீர்கள், பின்வரிசையில்? குடிக்கலாமா? கூடாது ஐயா! துவைக்கலாம், அதற்குமேல் பரிசோதித்துத்தான் சொல்வார்கள். இல்லாத குணத்தைச் சொல்லி நான் சரக்கு விற்றதில்லை.

சோதனைக்குத் தொட்டி வைத்தோம். நல்ல காரியம் என்றால் நம் கை சும்மா இருக்குமா? வாழை கட்டி, கீற்றுப் பந்தல் போட்டு, தொட்டிக்கு மாலையும் சூட்டினோம்! சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் அதே சிவப்பு.

“வெயில்தாங்க அதுக்குச் சாப்பாடு! பந்தலைப் பிரிங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டார் அம்சவல்லி.

“பானைய ஏத்திட்டு அடுப்ப அணைச்ச கூட்டம்யா இது!” என்றார் பொன்னுத்தாய் அக்கா. சிரியுங்கள், சிரியுங்கள்!

பந்தலைப் பிரித்தால் மரநிழல். பகலெல்லாம் வெயில் காயும் இடம் ஊரில் ஒன்றுதான்: வீரையண்ணன் நெல்லடிக்கும் களம். போய்க் கேட்டேன்.

“இன்னிக்குத் தொட்டி வைப்பீங்க, நாளைக்கு போர்டு நடுவீங்க. அப்புறம் களம் யாருது தம்பி?” என்றார்.

தவறா அந்தக் கேள்வி? கூலிக்கு நின்ற மண்ணில் சொந்தமாய் நிற்க, அவருடைய தகப்பனார் பண்ணை ஆட்களிடம் அடிபட்டார், சிறை சென்றார். அடிபட்டு அடைந்த மண்ணை, ஊர்க் காரியம் என்று சொல்லிப் பறிக்கலாமா? இல்லாதவன் இடம் மட்டும்தான் எப்போதும் ஊருக்குப் பொதுவா?

தொட்டியும் வேண்டும், களமும் அவருடையதாகவே இருக்க வேண்டும். அறுவடை வந்தால் தொட்டி நகரட்டும். களம் நகரக் கூடாது! ஒப்புக்கொள்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள். பெரிய தெருக்காரர்களே, உங்களைத்தான்! அரசப்பன் ஐயா எழுந்துவிட்டார்... நன்றி ஐயா. அடுத்து? அடுத்து? அடடா, கூட்டமே எழுந்து நிற்கிறதே!

வீரையண்ணே, இப்ப சொல்லுங்க!

“வைக்கப்போர் நெழல் விழாத எடமாப் பாத்து வைங்க!”

கேட்டீர்களா? இதற்குமேல் நான் பேசினால் வெயில் வீண். எழுந்து நின்ற அத்தனை பேருக்கும் நன்றி. களத்துக்காரருக்கு என் கும்பிடு!