தகர டப்பாவில் சுன்சுன்

— காப்பியைக் குடி எலாதியோ, ஆறுது.

— இருக்கட்டும் நெரெய்டா. கூட்டுல தாய் சுன்சுன் குருவியைக் காணோம். குஞ்சு ரெண்டும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கு.

— மேயப் போயிருக்கும்.

— விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, நாம தொங்கவிட்ட சர்க்கரைத்தண்ணி புட்டிப் பக்கம்கூட வரலையே. தேனீ அளவுதான் இருக்கு அந்தக் குருவி. பூ பூவா குடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் உசிரு நிக்கும். நேத்து பூரா மழை, வாடைக்காத்து வேற.

— அந்தச் செவப்புத்தலை ஆணு குஞ்சுங்களைப் பாத்துக்காதா?

— அது கூட்டுப் பக்கமே வராது. கூடு கட்டுறது, அடைகாக்குறது, ஊட்டுறது எல்லாம் பொட்டைதான். அந்த ஆணையும் கொஞ்ச நாளா புட்டிப் பக்கம் காணோம்.

— விட்டுட்டு ஓடுறது ஆம்பளை ஜாதிக்கே வழக்கம்போல.

— காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா?

— மியாமிக்குக் களவாப் போற படகுல உனக்கும் இடம்னு ஊரே பேசுது. கட்டிலுக்கு அடியில பை கட்டினபடி கிடக்கு. நான் மாசமா இருக்கேன்யா. ராத்திரி நீ புரண்டு படுத்தாக்கூட எனக்குத் திக்குங்குது.

— சரி, அடுப்பை ஏன் மறைச்சுக்கிட்டு நிக்கிறே?

— குளிருது.

— குளிருதுன்னா இப்படியா மறைக்கிறது? அடுப்பு மேட்டுல என்ன டப்பா அது?

— தொடாத.

— நகரு புள்ள. அட கடவுளே. நெரெய்டா, என்ன காரியம் பண்ணியிருக்கே?

— கத்தாத. தெருமுனையில காட்டிலாகாக்காரன் நிக்கிறான். சத்தியமா அது செத்துதான் கிடந்துச்சுய்யா. விடியக்காலையில கூட்டு மேலேயே, சில்லுன்னு. தொட்டேன், அசையலை. செத்ததை எடுத்தா பாவமில்லைன்னு நினைச்சேன். காய வெச்சு, பொடிச்சு, காப்பியில கலந்து குடுத்தா புருஷன் வாசல் தாண்ட மாட்டான்னு வசியம் வைக்கிற எமெலினா சொன்னா.

— அடிப்பாவி, சாகலைடி. பட்டினியும் குளிரும் சேந்தா ராத்திரி பொணம் மாதிரி விறைச்சுக் கிடக்கும். வெயில் பட்டா எந்திரிச்சிடும். ஊர் பாக்க வர்ற வெள்ளைக்காரனுக்கெல்லாம் தினம் கூட்டைக் காட்டுறவ நீதானே, இதுகூடத் தெரியாதா?

— பகல்ல காட்டுறேன். ராத்திரி அது எப்படித் தூங்குதுன்னு நான் எங்க கண்டேன்? இந்தக் குருவியைப் பிடிச்சு மாட்டினா ஜெயில்தான் எலாதியோ. ஜெயில்லயா புள்ள பெத்துக்குவேன்?

— பேசாம இரு. டப்பா இளஞ்சூடாத்தான் இருக்கு, கருகலை. சர்க்கரைத்தண்ணி ஒரு சொட்டு விரல்ல எடு. மூக்கு நுனியில வை.

— அசையலையே.

— பொறு.

— எலாதியோ, நாக்கு. நாக்கை நீட்டுது.

— இன்னொரு சொட்டு. நெஞ்சு துடிக்குது பாரு. ஜன்னலைத் திற.

— பறந்து போயிடுச்சு.

— கூட்டுக்குத்தான் போகுது. எட்டிப் பாரு, ஊட்ட ஆரம்பிச்சிடுச்சு.

— அப்பாடா, தப்பிச்சோம்யா.

— உக்காரு. ஒண்ணு சொல்றேன், அழக் கூடாது. அந்தப் படகு முந்தாநாள் ராத்திரியே போயிடுச்சு.

— உன்னை விட்டுட்டா?

— நீ தூங்கினப்புறம் நானும் கரை வரைக்கும் போனேன். தண்ணியில இறங்கக் காலு வரலை. பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சானுங்க. பயமில்லை நெரெய்டா. உன் முகம்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. நானாத்தான் திரும்பி வந்தேன். எந்த வசியமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். என்னை யாரும் கட்டி வைக்கலை.

— நானாத்தான்னா சொல்றே?

— பின்னே? இதைக் கேட்டு சந்தோஷப்படுவேன்னு பாத்தா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே. சரி, அந்தக் காப்பியை இப்படித் தள்ளு.

— குடிக்காத.

— ஏன், இதுல என்ன இருக்கு? குருவிதான் பறந்துடுச்சே.

— செவப்புத்தலை ஆணைக் காணோம்னியே எலாதியோ. போன ஞாயித்துக்கிழமைலேர்ந்து அதோட பொடி உன் காப்பியிலதான் இருக்கு. கடைசிச் சிட்டிகை இந்தக் கப்புல.