யாரோ செய்த ஜெபம்

— அந்தக் கருவிய என் கண்ணுல காட்டாத. அது 'பீப்'னு கத்துறப்பல்லாம் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

— ஸ்கேனர் கத்தலன்னா பொதி பதிவாகலன்னு அர்த்தம் அக்கா. கோச்சுக்காதீங்க. ஒரு தடவ பிடிச்சுப் பாருங்க, ரெண்டே நிமிஷத்துல பழகிரும்.

— பத்தொம்பது வருஷமா இந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் கத்தரி, இடுக்கி எல்லாத்தையும் கழுவி, எண்ணி, துணியில பொதி கட்டி, ஆவியில வச்சு எடுத்து அனுப்புறவ நான். எண்ணிக்கை தப்புச்சுன்னு ஒரு டாக்டர் சொல்லட்டும் பாப்போம். வந்து ரெண்டு வருஷம் ஆகல, நீ எனக்குப் பழக்கிக் குடுக்குறியா?

— நானா கேட்டேன்? நேத்து சூப்பிரண்டு அம்மா கூப்பிட்டு, 'இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்ல, இந்த ரூமுக்கு நீதான் பொறுப்பு'ன்னாங்க. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

— தூக்கிவாரிப் போட்டவ முகம் இப்படியா பளபளன்னு இருக்கும்? இந்தப் பச்சைக் கோட்டு எனக்குச் சாக்கு மூட்ட, உனக்கு மட்டும் அளவெடுத்துத் தச்ச மாதிரி. அதுவே எனக்குப் பொறுக்கல, போ.

— ஐயோ, கோட்டுக்குமா?

— கோட்டுக்குந்தான். எலும்பு டாக்டர் இத்தன வருஷமா, 'என்ன சீஃப், எல்லாம் ரெடியா?'ன்னு என்னத்தான் கேப்பாரு. இன்னிக்கு என்னத் தாண்டிப் போயி உன்னக் கேட்டாரு. பொறாமைதான். வாய் விட்டே சொல்றேன்.

— நான் அவருக்கு என்ன சொன்னேன்னு கேட்டீங்களா? 'அக்கா ஒரு தடவ பாத்துட்டாங்க, அதனால ரெடி'ன்னேன்.

— ரொம்ப நல்லவளா இருக்காத, அது இன்னும் எரியுது. இந்தா பாரு, இந்தக் கைப்பையில ராஜினாமாக் கடிதம் இருக்கு. சாப்பாட்டு மணி அடிச்சதும் நேரா ஆபீஸ்தான்.

— வேணாம் அக்கா! நாளைக்கு முட்டி ஆபரேஷன் மூணு இருக்கு. மழுங்கின கத்தரிய நீங்க விரல்ல தொட்டே ஒதுக்கிருவீங்க. இந்த மிஷினுக்கு ஒட்டியிருக்கிற நம்பர்தான் தெரியும், மொன்னையா கூரான்னு தெரியாது. எனக்கும் தெரியாது.

— நல்லா இருக்கே நியாயம்! வேல எனக்கு, பொறுப்பாளர் பேட்ஜ் உனக்கு.

— போன வாரம் சபையில நீங்கதானே சாட்சி சொன்னீங்க? நடக்குறதெல்லாம் ஆண்டவர் சித்தம், முணுமுணுக்காம ஏத்துக்கணும்னு. நான் கண்ணத் தொடச்சுக்கிட்டே கேட்டேன்.

— அது அடுத்தவங்களுக்குச் சொன்னது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும். இன்னிக்குக் காலையில முழங்கால் போட்டு நேரா அவர்கிட்டயே கேட்டேன், இது என்ன நியாயம் ஆண்டவரேன்னு.

— என்ன சொன்னாரு?

— அத உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?

— கேட்டா சிரிப்பீங்க. இந்தப் பதவி யாரோ செஞ்ச ஜெபம்னு எனக்குத் தோணுது அக்கா. நம்ம சபைப் பெண்கள் ஐக்கியத்துல மாசாமாசம் பேர் எழுதிச் சீட்டெடுக்குறோமே, எந்தப் பேர் வருதோ அவங்களுக்காக முப்பது நாள் ரகசியமா ஜெபிக்கணும்னு? போன மாசம் என் பேர் யார் கைக்குப் போச்சோ! அந்த மகராசி முழங்கால் தேயத் தேயக் கேட்டிருக்கா. யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்துருவேன்.

— விழ வேணாம்.

— ஏன்? என்னக்கா, இப்படி வேர்க்குது உங்களுக்கு?

— ஆவிப் பெட்டிச் சூடு.

— அத இன்னும் போடவே இல்லையே! அக்கா... நீங்களா? என் பேர் உங்களுக்கா வந்துச்சு?

— இருபத்தாறு பொம்பளைங்க இருக்குற இடத்துல எனக்குன்னு வந்து தொலஞ்சுது.

— ஸ்தோத்திரம்! முப்பது நாளும் ஜெபிச்சீங்களா?

— ஒரு நாள் விடல. அந்த விஷயத்துல நான் கறார்.

— இப்படிப்பட்ட மனசா உங்களுக்கு? அழுகையா வருது அக்கா.

— அழாத. கண்ணீர் பட்டா பொதிய மறுபடி பிரிச்சுக் கட்டணும். இந்தா, இந்தக் கடிதத்தக் கிழிச்சுக் குப்பையில போடு. அந்தப் 'பீப்' சனியனையும் இப்படிக் குடு. எந்தப் பக்கமாப் பிடிக்கணும்?

— போகலையா? ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! திடீர்னு எப்படிக்கா மனசு மாறிச்சு?

— திடீர்னு எல்லாம் இல்ல. 'கேட்டது நீதானே'ன்னு காலையிலயே அவர் பதில் சொல்லிட்டாரு, எனக்குத்தான் ஒத்துக்க ரோசம் விடல. 'இந்தப் பொண்ணு என் கண்ணு முன்னால நிக்கிறதே எனக்குப் பொறுக்கல ஆண்டவரே, எங்கயாவது பெரிய பதவியாக் குடுத்து இவள இந்த ரூம விட்டே தூக்கிரும்'னுதான் முப்பது நாளும் கேட்டேன். பதவியக் குடுத்துட்டாரு. உன்ன மட்டும் என் பக்கத்துலயே விட்டு வச்சிருக்காரு.