எங்கள் ராஜாவின் பெயர்

பூசை முடித்த கையோடு இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! நரையில் நிமிர்ந்த பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் நெஞ்சில் பாரமும் சுமந்து வந்த தாய்மார்களே! பின்வரிசையில் திராட்சை மதுக் கோப்பையோடு நிற்கும் தோழர்களே! உங்களுக்கும் வணக்கம், கோப்பைக்கும் வணக்கம்!

பிரபுவின் சிறைக் கோபுரம் இடிந்த இந்த இடத்தில் கர்தினால் வால்மோரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஆண்டவனின் ஊழியர், அரசரின் அமைச்சர், அடங்காத பிரபுக்களை அடக்கியவர். அவர் வருமுன் இந்த மொந்தோரெலில் யார் ராஜா? காஸ்பார் பிரபு! வரியும் அவருக்கு, வழக்கும் அவருக்கு, வழிபாடும் அவருக்கு! அரசருக்காகப் பாடும் லத்தீன் வேண்டுதலில் லூயி என்ற பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் பாட வைத்தார். லத்தீன் நமக்கு எங்கே புரிந்தது? பெயர்தான் புரிந்தது. பிரான்சுக்கே ராஜா காஸ்பார் என்று நம்பினோம்.

சிரிக்காதீர்கள் அம்மா, உங்கள் தகப்பனாரும் பாடியவர்தான்!

விதவை கில்மெத்தின் மகன் பிளேஸ், பிரபுவின் காட்டில் முயல் பிடித்தான் என்று கோபுரத்தில் அடைபட்டான். திங்கட்கிழமை தூக்கு. யார் அந்தப் பிளேஸ் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்!

ஞாயிறன்று அவ்வழியே வந்த கர்தினால் நம் கோவிலில் பூசை வைத்தார். பிரபு வரும்வரை காத்திருப்பது ஊர் வழக்கம். கர்தினால் காத்திருக்கவில்லை. முடிவில் அவர் "லூயி" என்று பாட, கோவிலே "காஸ்பார்" என்று பாடியது!

கர்தினால் மக்கள் பக்கம் திரும்பினார். முன்னால் நின்ற கில்மெத்தைக் கேட்டார்.

"உங்க ராஜா பேரு என்னம்மா?"

"காஸ்பார் சாமி. நாளைக்கு என் புள்ளையத் தூக்குல போடப் போறவரு."

"ராஜா பேரு லூயி. அவரோட நீதிமன்றத்தைக் கேக்காம இங்க ஒரு உசுரும் போகாது."

"இவருக்கு மேல ஒருத்தர் இருக்காரா? பாவிங்க, யாருமே சொல்லலியே!"

அப்போதுதான் பிரபு நுழைந்தார். "நான் வராம யாரு பூசைய ஆரம்பிச்சது?"

"ஆண்டவர் நேரத்துக்கு வந்துட்டாரு, பிரபுவே. கோபுரத்துச் சாவியக் குடுங்க."

வாசலில் கர்தினாலின் படைவீரர்கள் நின்றார்கள். சாவி வந்தது, பையனும் வந்தான். "உன் ராஜா யாரு?" என்றார் கர்தினால். கத்தினான்: "காஸ்பார்!"

நறுக்கென்று குட்டினாள் தாய். "வாய மூடுடா! ராஜா வேற ஆளாம்!"

கர்தினால் மகானா? நான் சொல்லமாட்டேன். கோபுரத்தை இடித்தார், அடுத்த ஆண்டே அரசரின் வரிக்காரர்களையும் அனுப்பினார். அவர்களையும் திட்டித் தீர்த்தோம். ஆனால், அநியாயம் செய்பவனே ஊருக்கு முதலும் முடிவுமாக இருந்தால் அழுகிற தாய் எந்தக் கதவைத் தட்டுவாள்? மேலே ஒரு கதவு உண்டு என்று கில்மெத் அறிந்தாளே, அன்றுதான் ஐயா நம் ஊர் ஒரு நாட்டைச் சேர்ந்தது!

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. என் தாய் குட்டிய அதே தலையைத் தாழ்த்தி வணங்கி விடைபெறுகிறேன்.