தொண்ணூத்தஞ்சா, தொண்ணூத்தெட்டா

நாலாவது. இந்த மாசத்துல மட்டும் நாலாவது பார்சல் இது. அந்தக் கூரியர் ஆளுக்குக் கதவு நம்பர் படிக்கத் தெரியாதா என்ன, எங்க வீட்டுக்கு வர்றதையெல்லாம் உங்க வீட்டுல குடுத்துட்டு ஓடிடறான்... நீங்கதானே மேல் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கறவங்க? வாங்க, உள்ள வாங்க. இல்லல்ல, ஒரு நிமிஷம்தான். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல ஒயர் கெடக்கு. இதுலயும் வேணாம். இருங்க, இந்த டப்பாவை எடுத்துடறேன்... ஆங், இப்ப உக்காருங்க.

இதுக்குள்ள என்ன இருக்குன்னு நெனைக்கறீங்க? மவுஸு. அடியில உருண்டை போட்ட மவுஸு. இப்ப வர்றதுல உருண்டை கெடையாது, வெறும் வெளிச்சந்தான். எங்க வீட்டுக்காரருக்கு உருண்டைதான் வேணும். உருண்டையில அழுக்கு சேரணும், அதை இவரு கழட்டி நகத்தால சொரண்டணும். அதுல ஒரு சுகம்.

அதோ பாருங்க. அது சாப்பாட்டு மேஜைங்க. சொன்னா நம்பமாட்டீங்க. ஆறு பேரு உக்காந்து சாப்பிடலாம். இப்ப அதுல உக்காந்திருக்கறது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி ஒண்ணுதான். பழுப்பேறிப் போயி, மாட்டுப் பல்லு கலர்ல... முப்பது வயசாச்சு அதுக்கு. நாலு மாசமா நாங்க தட்டை மடியில வெச்சுச் சாப்பிடறோம். அதுக்கு மட்டும் மேல துணி போத்தறாரு, தூசி படக்கூடாதாம்.

தெனம் தெனம் ஒரே பேச்சு. தொண்ணூத்தஞ்சா, தொண்ணூத்தெட்டா. மொதல்ல காதுல விழுந்தப்ப நான் என்ன நெனைச்சேன் தெரியுமா, யாருக்கோ காய்ச்சல், எத்தனை டிகிரின்னு பேசிக்கறாங்கன்னு நெனைச்சேன். அப்பறம் பாத்தா ஆப்பரேட்டிங் சிஸ்டமாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் அதை எழுப்பி உக்கார வெக்குமே, அது... உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சின்னவங்க நீங்க. தொண்ணூத்தஞ்சுல வந்தது ஒண்ணு, தொண்ணூத்தெட்டுல வந்தது ஒண்ணு. மூணே மூணு வருஷ வித்தியாசம். அந்த மூணு வருஷத்துக்கு நாலு மாசமா அடிச்சுக்கறாங்க.

எதுக்கு அந்தப் பெட்டின்னு கேளுங்களேன். நானும் கேட்டேன். ஓடணும்னாரு. சரி, ஓடி? ஓடுதான்னு பாக்கணும்னாரு. பாத்து? பாத்தாச்சுன்னா அணைச்சிடுவேன்னாரு. இதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்கறது, சொல்லுங்க.

லிப்ட் இன்ஸ்பெக்டரா இருந்தாருங்க இவரு. முப்பத்துநாலு வருஷம். ஊர்ல இருக்கற லிப்டெல்லாம் இவரு கையெழுத்துப் போட்டாத்தான் மேல போவும். ரிட்டயர் ஆன மறுநாளு கண்ணு முழிச்சுப் பாத்தாரு... சோதிக்க லிப்ட் இல்ல. நான் இருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவை எத்தனை நொடி தொறந்து வெக்கறேன்னு வாட்சைப் பாத்துச் சொல்லுவாரு. கத்தி எந்தப் பக்கம் பாத்து இருக்கணும்னு சொல்லுவாரு. ஒரு நாளு பாத்தா அடுப்புக்கு மேல காகிதம் ஒட்டியிருக்கு. தேதி, நேரம், கேஸ் குழாய் பாத்தாச்சா, கையெழுத்துன்னு கட்டம் போட்டு. கையெழுத்து நான் போடணுமாம். முப்பத்தொரு வருஷமா அந்த அடுப்புல பொங்கிப் போட்டவ நானு... சரி, அதை விடுங்க.

அப்பத்தான் எங்க ஸ்கூல்ல... நான் ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கேன், எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு... ஸ்டோர் ரூமைக் காலி பண்ணினாங்க. இந்தப் பெட்டியைத் தூக்கிப் போடறதா இருந்தாங்க. ஹெட்மாஸ்டரைக் கேட்டு, எழுதிக் குடுத்து, வண்டி வெச்சு நான்தான் வீட்டுக்குக் கொண்டாந்தேன். ஆமாங்க, நான்தான். என்ன அப்படிப் பாக்கறீங்க? அழற குழந்தை கையில கிலுகிலுப்பை குடுக்கறதில்லையா? ரெண்டு வாரம் நோண்டிட்டு இருப்பாரு, என் அடுப்பை விடுவாருன்னு நெனைச்சேன். விட்டாரு, இல்லேன்னு சொல்லல. அந்தக் காகிதத்தை அன்னிக்கே கிழிச்சுப் போட்டேன், இன்னி வரைக்கும் கவனிக்கல.

ஆனா என் தம்பி வந்து இதுல குதிப்பான்னு நான் எதிர்பாக்கல. கூடப் பொறந்தவன், என்னைவிட ஒம்போது வயசு சின்னவன். ஆபீஸ் ஆபீஸாப் போயி பிரிண்டர் ரிப்பேர் பண்றவன். ஒரு ஞாயித்துக்கெழம எதேச்சையா வந்தான், பெட்டியைப் பாத்தான், சட்டைக் கையை மடிச்சான். அதோட சரி. மாமா, இது தொண்ணூத்தஞ்சுக்குன்னே செஞ்ச மிஷின், மெமரி பதினாறுதான் இருக்கு, தொண்ணூத்தெட்டைப் போட்டா மூச்சு வாங்கும்னான். இவரு கேப்பாரா? இன்ஸ்பெக்டர் புத்தி. முன்னாடி இருந்த தப்பையெல்லாம் பின்னாடி வர்றதுலதான் சரி பண்ணியிருப்பான், லிப்ட்ல அப்படித்தான்னாரு.

தொண்ணூத்தெட்டே போட்டாங்க. காலையில உக்காந்தவங்க. இன்னும் முப்பது நிமிஷம்னு திரையில போட்டுச்சு. அந்த முப்பது நிமிஷம் சாயங்காலம் வரைக்கும் முப்பது நிமிஷமாவே இருந்துச்சு. அப்பறம் ஒருவழியா வந்தது. ஏதோ ஒண்ணைத் தொட்டாரு, மணல் கடிகாரம் ஒண்ணு வந்து நின்னுச்சு. நான் போயி தலைக்குக் குளிச்சு, தலையைக் காயவெச்சு, பின்னிக்கிட்டு வந்து பாக்கறேன்... நிக்குது. இதுல இன்னொரு கூத்து, ஒவ்வொரு தடவை எழுந்திரிக்கும்போதும் இன்னிக்கு எண்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணுன்னு காட்டும். உள்ள ஏதோ பேட்டரி செத்துப்போச்சாம். எண்பதுல நான் எட்டாங்கிளாஸு. கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதைப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னேன்னு வெச்சுக்கோங்க.

அடுத்த வாரம் அதை அழிச்சுட்டுத் தொண்ணூத்தஞ்சு. பறந்துச்சு, ஆனா சத்தம் வரல. பாத்தியா, ஊமைன்னாரு இவரு. அதுக்கடுத்த வாரம் மறுபடியும் தொண்ணூத்தெட்டு. சத்தம் வந்துச்சு, விட்டு விட்டு, விக்கல் எடுக்கற மாதிரி. இப்படியே மாத்தி மாத்தி எட்டு ஞாயித்துக்கெழம போச்சு. எட்டுங்க. என் வீட்டுக்கு என் தம்பி வர்றான், ஒரு தடவை, எப்படிக்கா இருக்கேன்னு கேக்கல. ஒரே ஒரு நாளு அக்கான்னு கூப்பிட்டான். கையைத் தொடச்சுக்கிட்டு ஓடி வந்தேன். டார்ச்சைப் புடிக்கச் சொன்னான்.

இல்ல, இப்ப வர்றதில்ல. அதைத்தான் சொல்ல வர்றேன். அஞ்சு வாரமாச்சு. இவரு அவனை என்னமோ சொன்னாராம்... பிரிண்டர்ல சிக்கின பேப்பரைப் புடுங்கறவன் எனக்குப் பாடம் எடுக்கறானான்னு. அவன் இவரை என்னமோ சொன்னானாம்... பொத்தானை அமுக்கி மேல போயிட்டு கீழ வர்றதுக்குச் சம்பளம் வாங்கினவருக்குக் கம்ப்யூட்டர் எதுக்குன்னு. அவ்வளவுதான், ரெண்டு பக்கமும் கப்சிப். தம்பி பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். பத்திரிகை வந்துச்சு. தபால்ல. ஒரே ஊர்ல, ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கான், ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பறான். கவர்ல இவரு பேருதான் இருந்துச்சு. பிரிக்காமயே அந்த அலமாரி மேல வெச்சுட்டாரு. நான் வரமாட்டேன், நீ வேணா போயிட்டு வான்னாரு. அந்தப் பொண்ணு நடை பழகினதே இவரு வெரலைப் புடிச்சுக்கிட்டுத்தாங்க.

என்ன? ...இல்ல, நேருக்கு நேர் சொல்லிக்கல. வார நாளுல தம்பி என் போனுக்குத்தான் பேசுவான். இவரு ரெண்டு கையையும் பெட்டிக்குள்ள விட்டுக்கிட்டு இருப்பாரு. அவன் கேக்கறதை நான் இவருகிட்ட சொல்லணும், இவரு சொல்றதை அவன்கிட்ட சொல்லணும். நடுவுல நான் ஒரு ஒயரு மாதிரி. புரியாத பாஷை வேற. கொஞ்சம் பொறுமையா இருந்தா எல்லாம் ஓடும்னு சொல்லுன்னாரு ஒரு நாளு. உனக்குப் பொறுமையே இல்லையாம்னு சொல்லிட்டேன். அது தெரியாம வந்தது, சத்தியமா.

...இல்லங்க. அந்தப் பேப்பர் விஷயம் அப்படி இல்ல. அது தெரியாம வந்தது இல்ல.

இருங்க, முழுசா சொல்லிடறேன். அன்னிக்குக் கண்ணு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன், தனியா. கொஞ்ச நாளா விளக்கைச் சுத்தி வளையம் வளையமாத் தெரிஞ்சுச்சு. ரெண்டு கண்ணுலயும் புரையாம், ஆபரேஷன் பண்ணணுமாம். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லன்னாரு. பயப்படாதேன்னு சொன்னாத்தானே நமக்கு பயம் வரும். கண்ணுல மருந்து ஊத்தி அனுப்பிட்டாங்க, பஸ் நம்பர்கூடத் தெரியல, யாரையோ கேட்டு ஏறி வந்தேன். வந்து இவருகிட்ட, ஏங்கன்னேன். கையைக் காட்டினாரு, ஸ்க்ரூ கீழ விழுந்திருக்கு, மிதிச்சுடாதேன்னாரு. எனக்குத் தரையே தெரியல, அதுல ஸ்க்ரூ. தடவிக்கிட்டே அடுப்படிக்கு வந்துட்டேன், அந்த நேரம் தம்பி போன் பண்ணினான். எனக்குக் கண்ணுல...ன்னு ஆரம்பிச்சேன். அக்கா அதிருக்கட்டும், மாமா தொண்ணூத்தஞ்சுக்கு வந்துட்டாரா இல்லையான்னு கேட்டான்.

அப்ப என் வாய்ல வந்துச்சுங்க. யோசிக்கவே இல்ல. அவன்கிட்ட, மாமா உன்னைப் பேப்பர் புடுங்கறவன்னு சொல்றாருன்னேன். போனை வெச்சுட்டு, இவருகிட்ட திரும்பி வந்து அந்தப் பொத்தான் விஷயத்தைச் சொன்னேன். ரெண்டும் என் சொந்தச் சரக்கு. அந்த நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கட்டும், பெட்டியைக் கொண்டுபோயி ஸ்கூல்லயே போட்டுடலாம்னு கணக்குப் போட்டேன். பெட்டி போச்சா? இப்ப இன்னும் வெறி புடிச்சு உக்காந்திருக்காரு. தம்பிக்குக் காட்டணுமாம், தொண்ணூத்தெட்டு ஓடும்னு. இன்னிக்குக்கூட மெமரி வாங்கத்தான் போயிருக்காரு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பழைய சாமான் விக்கற கடைக்கு. அந்த மாதிரி சாமான் ஊர்ல வேற எங்கயும் கெடைக்காது.

போன வாரம் தம்பி கேட்டான். அக்கா, மாமா நெஜமாவே அப்படிச் சொன்னாரான்னு. குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பவே சொல்லியிருக்கலாம். ஆமான்னுட்டேன். ஒரு தடவை சொன்னது கோவத்துல. ரெண்டாவது தடவை சொன்னது எதுல, நீங்களே சொல்லுங்க.

இவருக்கு இன்னும் என் கண்ணு விஷயம் தெரியாது. யாருக்கும் தெரியாது. மொத மொத உங்ககிட்டத்தான் சொல்றேன்... உங்க பேருகூட எனக்குத் தெரியாது.

இருங்க. கீழ கேட்டு சத்தம். வந்துட்டாரு போல... கூட யாரு? கொஞ்சம் அந்த ஜன்னல் வழியாப் பாருங்களேன், எனக்கு அவ்வளவு தூரம் மங்கலாத்தான் தெரியும். கட்டம் போட்ட சட்டையா? தோள்ல கறுப்புப் பையா? அது என் தம்பிங்க. அவனும் அந்தக் கடைக்குத்தான் சாமான் வாங்கப் போவான்... அங்கதான் பாத்திருக்காங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு வர்றாங்களா? பேசாமயா? பேசாம ஒண்ணா வர்றாங்கன்னா எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டாங்கன்னு அர்த்தம்.

நீங்க ஏன் எழுந்திரிக்கறீங்க, உக்காருங்க. டீ போடறேன். வெளியாளு ஒருத்தர் இருந்தா கொஞ்சம் தணிஞ்சு பேசுவாங்க... அடுப்புல ஏதோ வெச்சுட்டு வந்தீங்களா? இவ்வளவு நேரம் ஞாபகம் வரலையா உங்களுக்கு? சரி... போங்க. எத்தனை நேரந்தான் நீங்களும் கேப்பீங்க. வாசல்ல அவங்களுக்கு வழி விட்டுப் போங்க.

வாங்க. வாடா. ஏன் ரெண்டு பேரும் வாசல்லயே நிக்கறீங்க?

...என்ன கேக்கறீங்க?

இல்லங்க. அவன் சொல்லல. நீயும் கேட்டுக்கோடா, மாமாவும் உன்னை ஒண்ணும் சொல்லல. ரெண்டையும் நான்தான் சொன்னேன். கடையில வெச்சுப் பேசி கண்டுபிடிச்சுட்டு வந்துதானே நிக்கறீங்க, அப்பறம் எதுக்கு என் வாயால கேக்கணும்... சரி, கேட்டாச்சுல்ல.

எதுக்குச் சொன்னேனா? உள்ள வந்து உக்காருங்க, சொல்றேன். வர்ற புதன்கெழம எனக்குக் கண்ணு ஆபரேஷன். அன்னிக்கு உங்க ரெண்டு பேருகிட்டயும் அதைத்தான் சொல்ல வந்தேன்.